உன் துவக்குக்கு இரண்டு கால்

முகுந்து,

இந்தப் பெட்டியைத் திறந்ததும் முதலில் உன் ஆரணியைத்தான் திரும்பிப் பார்ப்பாய். அப்பாவுக்கு என்ன பிடித்துவிட்டது என்று கேட்பாய். ஒன்றும் பிடிக்கவில்லை. உள்ளே இருப்பது நீ நினைக்கிற அதே சாமான்தான்: பைபொட். வேட்டைத் துவக்கின் முன்பக்கத்தில் பூட்டி, தேவைக்கு விரித்து, தேவையில்லாதபோது மடித்துவிடுகிற இரண்டு கால். துவக்கு என்ற பேச்சையே வீட்டுக்குள் எடுக்கவிடாத மனிதன் மகனின் கலியாணத்துக்கு இப்படியொரு பரிசு வாங்கினால் அதற்குக் காரணம் இருக்கத்தானே வேண்டும். இருக்கிறது, ஆனால் அது பெருமைப்படுகிற காரணம் இல்லை. உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை. உன் அம்மா இதை மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை. உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். கலியாணத்துக்கு முன்பே வாசித்துவிடு. மணவறையில் என் முகம் கடுகடுவென்று இருந்தால் வேட்டி இறுக்கம் என்று யாராவது சொல்வார்கள், நீ நம்பவேண்டியதில்லை.

நீ வேட்டை லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்று சொன்ன அன்று நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். துவக்கு இருக்கிற வீட்டில் நான் நித்திரை கொள்ளமாட்டேன் என்றேன். அதை இப்போதும் திருப்பி எடுக்கவில்லை. ஊரில் துவக்கோடு எங்கள் வாசல் படலைக்கு வந்த எவரும், எந்த உடுப்பில் வந்தாலும், நல்ல செய்தி கொண்டுவரவில்லை. நீ வாதாடவில்லை. சின்ன வயதிலிருந்தே நீ வாதாடுகிற பிள்ளை இல்லை. ஒரு கதவு பூட்டியிருந்தால் பேசாமல் அடுத்த கதவுக்குப் போவாய். அடுத்த கதவு ஸ்ரௌவ்வில்லில் இருந்தது. ஆரணியின் தகப்பன் தவராசா, வன்னி மனிசன், ட்றக் ஓடுகிறவர், வருடா வருடம் நவம்பரில் வடக்கே மான் வேட்டைக்குப் போகிறவர், வீட்டுக்கு அடியில் பேஸ்மென்றில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார். தன் பெட்டியில் இடம் இருக்கிறது, முகுந்தன் கொண்டுவந்து வைக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். நானும் பெரிய மனதோடு சரி என்றேன். என் வீட்டுக்குள் வராவிட்டால் போதும் என்பதுதான் என் யோசனை. துவக்கு போன இடத்துக்கு நீயும் போவாய் என்பது என் புத்திக்கு ஓடவில்லை.

அதற்கு முதல் சனிக்கிழமைக் காலைகள் என்னுடையவை. உனக்கு அது பெரிய விடயமாக இருந்திருக்காது. நீயும் நானும், நான் ஆட்களுக்கு ஓட்டப் பழக்குகிற றைவிங் ஸ்கூல் காரைக் கழுவுவோம், பிறகு மில்லிக்கனில் அந்த மூலைப் பிளாசாவில் ஆளுக்கொரு மட்டன் றோலும் பிளேன்ரீயும். நீ உன் வேலையிடத்துக் கதை சொல்லுவாய், நான் எந்த மாணவி எந்தச் சிவப்பு விளக்கில் என் உயிரை எடுத்தாள் என்று சொல்லுவேன். துவக்கு ஸ்ரௌவ்வில்லுக்குப் போன பிறகு முதலில் அதைத் துடைக்கப் போனாய். பிறகு சுட்டுப் பழகுகிற இடத்துக்குப் போனாய். பிறகு இடம் பார்க்க என்று காட்டுக்குப் போனாய். கேட்டால் மாமாவோடு என்பாய். மாமா சொன்னவர், மாமா காட்டினவர், மாமா இதைத்தான் பாவிக்கிறவர். அந்த மாமாவின் மகளுக்கு றைவிங் பழக்கி, அவள் பார்க்கிங்கில் கோட்டைவிட்டு அழுதபோது தேற்றி, எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான். அங்கேதான் நீ அவளைக் கண்டாய். என் வாயில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

போன நவம்பரில் நீ முதல் மான் சுட்டாய். அந்தப் படம் எனக்கு வரவில்லை. ஆரணியின் தாய் உன் அம்மாவுக்கு அனுப்பி, அம்மா எனக்குக் காட்டினாள். நீயும் அவரும் செம்மஞ்சள் உடுப்பில் முழங்காலில் இருக்கிறீர்கள், அவர் கை உன் தோளில். மான் பாவம் என்றாள் அம்மா. ஓம், பாவம்தான் என்றேன். நான் மானைப் பார்க்கவே இல்லை. உன் முகத்தையும் அந்தக் கையையும் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். உன் பட்டமளிப்பில் அந்த முகம் இல்லை. முதல் சம்பளத்தில் எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்த அன்றும் அது இல்லை. என் பிள்ளைக்கு இப்படி ஒரு முகம் இருப்பதை வேறொரு மனிதன் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறான் என்று நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அன்று பின்னேரம் கார் பழக வந்த பையனை ஸ்ரீல்ஸ் ரோட்டில் காரணமில்லாமல் ஏசினேன். பாவம், அவன் சிக்னல் போட்டுத்தான் திரும்பினான்.

முறைப்பாடு சொல்லவும் எனக்கு வழியில்லை. எங்கள் ஆட்களில் ஆம்பிளைதான் பொம்பிளை வீட்டோடு போகிறது. நானும் உன் அம்மாவின் சீதன வீட்டுக்குத்தான் பெட்டியோடு போனேன். என் தகப்பனுக்கு அது எப்படி இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை, போகிறவன் நானாக இருந்தபடியால். இப்போது நீயும் ஆரணியும் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கியிருக்கிறீர்கள், அவர்கள் வீட்டிலிருந்து செருப்போடு நடந்து போகிற தூரத்தில். இதெல்லாம் போதாதென்று நாலாம் சடங்குப் பேச்சு வந்தது. கலியாணச் சாப்பாடு மரக்கறி, அது முடிந்து நாலாம் நாள் பொம்பிளை வீட்டில் மச்சம் மாமிசம் சமைத்து எங்கள் பகுதிக்கு விருந்து வைப்பார்கள். ஆடோ நண்டோ வைப்பார்கள் என்றுதான் நான் இருந்தேன். தவராசா அண்ணை எல்லோருக்கும் முன்னால், மாப்பிள்ளை சுட்ட மான் ஃப்ரீசரில் இருக்கிறது, அதுதான் கறி என்றார். என் தமையன் பெண்சாதி கை தட்டினாள். என் மகன் சுட்ட இறைச்சியை இன்னொருவர் வீட்டில் இருந்து சாப்பிட்டு, ருசி என்று நான் சொல்லவேண்டும்.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குசினியில் நீ ஆரணிக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டாவது மான் தப்பியது கை களைத்ததால் என்றாய். துவக்கை ஊன்றிப் பிடிக்க ஒரு பைபொட் இருந்தால் தப்பியிருக்காது, கலியாணச் செலவு முடியட்டும் பார்ப்போம் என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மாமா வாங்கித் தாறன் எண்டவர்" என்றும் சொன்னாய். நான் பீங்கான் கழுவிக்கொண்டு நின்றேன். அந்தக் கணத்தில் முடிவெடுத்தேன், அவர் வாங்க முதல் நான் வாங்குவேன். பைபொட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அது இரண்டாம் பிரச்சினை.

வீடியோ பார்த்தேன். ஒரு பாடம் முடிந்து அடுத்த பிள்ளை வரும்வரை காருக்குள் இருந்து பார்த்தேன். மண்டபமும் மணவறையும் படம் பிடிக்கிறவர்களும் தின்றது போக மிச்சம் இருந்த காசு கையளவு. அதற்குள் ஒன்று இணையத்தில் கிடைத்தது. கறுப்பாக, கம்பீரமாக, படத்தைப் பார்த்தால் பட்டாளமே பயப்படும். வந்ததும் காருக்குள் பிரித்துப் பார்த்தேன். காலை விரித்தால் தவழ்ந்து எழும்புகிற பிள்ளை மாதிரி ஆடியது. ஸ்பிரிங் 'டக்' என்று அடித்த சத்தத்தில் பக்கத்தில் இருந்த மாணவி துள்ளினாள். கமராவுக்கு வைக்கிற சாமானா அங்கிள் என்று கேட்டாள், ஓம் என்றேன். அதைவிட மோசம், அதைப் பூட்டுவதற்குத் துவக்கின் அடியில் பல்லுப்பல்லாக வெட்டின, தண்டவாளம் மாதிரி ஒரு இரும்புப் பட்டை வேண்டுமாம். உன் துவக்கில் அது இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும். நான்தானே அதை வீட்டுக்குள் விடவில்லை. அந்தப் படத்தை அம்மாவின் போனில் திரும்ப எடுத்துப் பெருப்பித்தேன். இந்த முறை அவர் கையை விட்டுவிட்டுத் துவக்கைப் பார்த்தேன். மரப்பிடி, முன்னுக்குத் தோள்வார் கொழுவுகிற ஒரு சின்ன இரும்புக் குமிழ், வேறொன்றும் இல்லை. நான் வாங்கினது சரிவராது. பின்னால் நின்ற உன் அம்மா, "உங்களுக்கு மானும் இல்லை, துவக்கும் இல்லை, அந்த மனிசன்தான் கண்ணுக்குள்ள நிக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாளே திருப்பி அனுப்பினேன்.

பிறகு நியூமார்க்கெட் பக்கம் ஒரு வேட்டைச் சாமான் கடைக்குப் போனேன். முதல் தடவையாக அப்படி ஒரு கடை. சுவர் முழுக்கத் துவக்கு, என் கால் வாசலிலேயே ஒருமுறை நின்றுவிட்டது. உள்ளே நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண், மூக்கில் கண்ணாடி, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முதலில் ஒரு கதிரையைக் காட்டினாள். விடயத்தைச் சொன்னேன். பொறுமையாகச் சொல்லித் தந்தாள், அதை உனக்கும் சொல்கிறேன், மாமா சொல்லாததும் இதில் இருக்கலாம். காட்டில் நாள் முழுக்கச் சுமக்கிற சாமான், பாரம் கூடினது வேண்டாம். நிலம் எங்கேயும் மட்டமாக இருக்காது, ஆகவே துவக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் சரியக்கூடியதாக இருக்கவேண்டும், சரித்த இடத்தில் இறுக்கவும் ஒரு பிடி இருக்கவேண்டும். கால் நீளுகிற இடத்தில் வெட்டு வெட்டாக இருந்தால் குளிரில் கையுறையோடும் எண்ணி நிறுத்தலாம். மினுக்கத்துக்கும் கார்பனுக்கும் காசைக் கொட்டத் தேவையில்லை, ஆணி இளகாமல் இருந்தால் போதும். கை இறுக்கம் என்றால் முதுகுப் பையை நிலத்தில் வைத்து அதன்மேல் துவக்கை ஊன்றலாம், அதற்குச் செலவே இல்லை என்றும் சொன்னாள். என் கை இறுக்கம் என்று இவளுக்கு யார் சொன்னது என்று எனக்கு ரோசம் வந்தது. முதுகுப் பையைக் கொண்டுபோய்க் கலியாணப் பரிசாக வைக்கமுடியுமா என்று கேட்டேன். சிரித்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். உன் மகன் படுத்திருந்து சுடுகிறவனா, நிலத்தில் குந்தி இருந்துகொண்டு சுடுகிறவனா? படுத்தால் கட்டைக் கால், இருந்தால் நீட்டுக் கால். ஒன்று மற்றதுக்கு உதவாதாம்.

நீ எந்தப் பக்கம் சரிந்து நித்திரை கொள்ளுவாய் என்று தெரியும். எந்தப் பல்லு கூசும் என்று தெரியும். நீ சந்தோசமாக இருக்கிற இடத்தில் எப்படி இருப்பாய் என்பது தெரியவில்லை. உன்னைக் கேட்டால் குட்டு வெளிப்படும். தெரிந்தவர் இந்த ரொறன்ரோவில் ஒரே ஒருவர். கடைக்கு வெளியே போய், காருக்குள் இருந்து யோசித்து, கடைசியில் தவராசா அண்ணைக்குப் போன் எடுத்தேன். ஒரு சிநேகிதனுக்கு வாங்குகிறேன், இருந்து சுடுகிற ஆட்களுக்கு எது நல்லது என்று கேட்டேன். உங்கட சிநேகிதனுக்குப் பேர் முகுந்தனோ என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகு, எந்தக் கடை, நில்லுங்கோ, வாறன் என்று வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இடம் தரவில்லை.

வந்தார். எனக்கு அவர் அண்ணை, அவருக்கு நான் அண்ணை. யார் மூப்பு என்று இருவரும் இன்றுவரை கேட்டதில்லை. முகுந்தன் மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி இருந்துதான் சுடுவான், நவம்பரில் புல்லும் பற்றையும் முழங்காலளவு நிற்கும், படுத்தால் ஒன்றும் தெரியாது என்றார். எனக்குத் தெரியாததை அவர் இவ்வளவு லேசாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் நீட்டுக்கால் பைபொட் ஒன்றைக் காட்சிக்கு வைத்த, சுடமுடியாதபடி பூட்டின ஒரு துவக்கில் மாட்டினாள். பெடியன் என்ன உயரம் என்று கேட்டாள். தவராசா அண்ணை தன் தலைக்கு மேல் கையை உயர்த்திக் காட்டினார். தானே நிலத்தில் இருந்தும் பார்த்தார், அவருடைய சொந்தக் கால் கட்டை, துவக்கு நாடிக்கு வந்தது, அந்த அளவு உனக்குச் சரிவராது. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. உன் உயரம் என் உயரம். உன் கால் என் கால். கடைக்குள் உன்னை அளந்து பார்க்க என் உடம்பைத் தவிர வேறு உடம்பு இல்லை.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தக் கடை நிலத்தில் இருந்தேன். அவர் சொல்லச் சொல்ல முழங்காலை மடக்கினேன். வாழ்க்கையில் தொடமாட்டேன் என்று சொன்ன சாமானைத் தோளில் வைத்தேன். இரண்டு வெட்டு உயர்த்தினோம், ஒன்று இறக்கினோம், கண்ணுக்கு நேரே வந்து நின்றது. அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. பயத்தோடு பயமாக எனக்கு ஒரு கேடுகெட்ட சந்தோசமும் வந்தது. இந்த மனிசன் உனக்குச் சுடப் பழக்கியிருக்கலாம், காடு காட்டியிருக்கலாம், இந்த நீட்டுக் காலை அவர் தரவில்லை. அதை அவருக்குச் சொல்லவும் செய்தேன். "உயரம் எங்கட பக்கத்து உயரம், அண்ணை" என்றேன். தேவையில்லாத பேச்சுத்தான்.

அவர் அதற்குக் கோபிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்து, கால் மடிகிற இடத்து ஆணியைத் திருகிப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணை, ஒண்டு சொல்லவேணும். முதல் மான் விழுந்த உடன, பெடியன் போனைத்தான் எடுத்தவன். அப்பாவுக்குச் சொல்லப்போறன் எண்டான். நான்தான், அவருக்கு உது பிடிக்காது, மனம் நோகும், பிறகு ஆறுதலாச் சொல்லு எண்டு மறிச்சனான்."

உனக்கு உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துத் தள்ளவேண்டும் போல் இருந்தது. என் சனிக்கிழமைகள் போனது போகட்டும், அது நானே கொடுத்தது. அந்தப் போன் எனக்கு வரவேண்டியது. என் பெயரைத் தேடி நீ அழுத்தப்போன போனை அவர் மறித்துவிட்டார். அதே நேரம், நீ என்னைத்தான் நினைத்தாய் என்பதைக் கேட்டு என் கண் கலங்கியது, அதையும் அவர் முன்னால்தான் கலங்கவேண்டியிருந்தது. "நீங்கள் மறிச்சிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். "ஓம் அண்ணை, பிழைதான்" என்றார். ஒரு சண்டையும் இல்லாமல் ஒத்துக்கொள்கிற மனிதரோடு எப்படித்தான் பகைப்பது.

புதிதின் விலை என் கைக்கு எட்டவில்லை. அந்தப் பெண் கண்ணாடிப் பெட்டிக்கு அடியிலிருந்து அதே மாதிரிப் பழையது ஒன்றை எடுத்துத் தந்தாள், யாரோ ஒரு பருவம் பாவித்துத் திருப்பிக் கொடுத்ததாம். கால் ஒன்றில் கீறல் இருக்கிறது, மற்றப்படி இறுக்கமாக இருக்கிறது, குமிழில் பூட்டுகிற வகை. உனக்குப் பழசு வாங்கித் தருவதில் எனக்கு வெட்கமில்லை, ஆடுகிற புதிதைவிட ஆடாத பழசு நல்லது. பாதிக் காசு தான் போடுகிறேன் என்று தவராசா அண்ணை பேர்சை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துத் திரும்ப அவர் பொக்கற்றுக்குள்ளேயே வைத்தேன். கொஞ்சம் பலமாகத்தான் வைத்தேன்.

பூட்டும்போது இதைக் கவனி. வாரைக் கழற்றிவிட்டுக் குமிழில் கொழுவி இறுக்கு, மரம் நசுங்கும்வரை இறுக்காதே. மடித்த கால் குழலில் முட்டக்கூடாது. மான் கிட்டநிற்கும்போது காலை விரிக்காதே, முதலே சத்தமில்லாமல் கையால் பிடித்து விரித்துவை. இரண்டு கால் பூட்டின பிறகு குண்டு விழுகிற இடம் கொஞ்சம் மாறலாமாம், அதனால் பருவம் தொடங்க முதல் ஒருநாள் சுட்டுப் பார்த்துத் திரும்பக் குறியைச் சரிசெய்யவேண்டும் என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னாள். நான் இதையெல்லாம் வைத்துக் கலியாண வாழ்க்கைக்கு உவமை சொல்லப்போகிறேன் என்று பயப்படாதே. கலியாணத்துக்கு நான் சொல்லுகிற புத்தி ஒன்றுதான். மாமா வீட்டுக்கு நடந்து போகலாம், எங்கள் வீட்டுக்குக் கார் எடுக்கவேண்டும். காரை எடு. ஆரணியையும் கூட்டிக்கொண்டு வா, அவளே கார் ஓடட்டும், பின்னுக்கு எடுக்கும்போது மட்டும் பார்த்துக்கொள். நல்ல செய்தி ஏதும் நடந்தால், அது எனக்குப் பிடிக்காத செய்தியாக இருந்தாலும், எனக்குப் போன் எடு. நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைப்பேன், முகத்தைத் திருப்புவேன், அதற்காக எடுக்காமல் விடாதே.

கடைசியாக ஒன்று. கடை வாசலில் கார்க் கதவைத் திறந்துகொண்டு நிற்கும்போது தவராசா அண்ணை, கலியாணம் முடிய ஒரு சனிக்கிழமை தான் பெடியனைக் கூட்டிக்கொண்டு போய்க் குறி பார்த்துச் சரிசெய்து குடுக்கிறேன் என்றார். என் வாய் என்னைக் கேட்காமல் முந்திவிட்டது. தேவையில்லை அண்ணை, அதுக்கு நான் போறன், முகுந்தன் எப்பவோ என்னைக் கூப்பிட்டவன் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு, நல்லது அண்ணை என்று சொல்லிக் காருக்குள் ஏறினார். எனக்குத் துவக்கைத் தரவேண்டாம். காதை மூடிக்கொண்டு உனக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருப்பேன், தூரக் கண்ணாடியால் பார்த்துக் குண்டு எங்கே விழுந்தது என்று சொல்லுவேன். மேலே, கீழே, இடம், வலம், இதை நான் வருடக்கணக்காக ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன். அதற்கு முதல் மாமா உன்னைக் கேட்பார். கேட்டால், நீதான் என்னைக் கூப்பிட்டாய் என்று சொல்லு.

அப்பா